அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் பி.இ. கணினி அறிவியல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளில் பி.இ. கணினி அறிவியல் மற்றும் பொறியியல் படிக்க வருகிற மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரே ஐயங்களோடுதான் வருகிறார்கள். அந்தக் கேள்விகளை அவர்கள் கேட்ட விதத்திலேயே எழுதி, ஒவ்வொன்றுக்கும் விடை கொடுத்திருக்கிறேன். விடைகள் ரெகுலேஷன் 2021 எனப்படும், 2021 முதல் சேர்ந்தவர்களுக்கான ஒழுங்குமுறையை ஒட்டியவை; அதன் பின் வந்த ரெகுலேஷன் 2025-இன்கீழ் சேர்பவர்களுக்கு விவரங்கள் மாறும். எந்த ஆண்டில் சேர்கிறீர்களோ, அந்த ஆண்டில் நடப்பில் இருக்கும் ஒழுங்குமுறைதான் உங்களுக்குப் பொருந்தும். தன்னாட்சிக் கல்லூரிகளும், கிண்டி, குரோம்பேட்டை போன்ற பல்கலைக்கழகத்தின் சொந்த வளாகங்களும் தங்களுக்கெனத் தனிப் பாடத்திட்டம் வைத்திருப்பதால், அங்கே சேர்பவர்கள் இங்கே உள்ள எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கவில்லை, கணிதத்தோடு பயாலஜி உள்ள குரூப். சி.எஸ்.இ. சேரலாமா?

தாராளமாகச் சேரலாம். பொறியியல் கலந்தாய்வில் பார்க்கப்படுவது கணிதம், இயற்பியல், வேதியியல் ஆகிய மூன்றின் மதிப்பெண்கள்தான். கணிதத்தை 100-க்கும், மற்ற இரண்டை 50-க்குமாகச் சுருக்கி, 200-க்குக் கட்-ஆஃப் கணக்கிடப்படுகிறது. பள்ளியில் கணினி அறிவியல் படித்தவருக்குக் கூடுதல் மதிப்பெண் எதுவும் இல்லை.

முதல் பருவத்தில் வரும் பைத்தான் பாடம் ஒன்றுமே தெரியாதவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. வரிசையாக அடுக்கிய சீட்டுகளுக்கு நடுவே ஒரு புதிய சீட்டை எங்கே செருகுவது, ஒருவர் மனத்தில் நினைத்த எண்ணைக் குறைந்த கேள்விகளில் எப்படிக் கண்டுபிடிப்பது, ஹனோய் கோபுரத்தின் தட்டுகளை எந்த வரிசையில் நகர்த்துவது என்பவைதான் முதல் அலகின் எடுத்துக்காட்டுக் கணக்குகள். பள்ளியில் நிரல் எழுதிப் பழகியவருக்கு முதல் சில வாரங்கள் எளிதாக இருக்கும். அந்த இடைவெளி பருவத்தின் பாதிக்குள் மறைந்துவிடும். நீடிப்பது கணிதத்தில் இருக்கும் இடைவெளி. ஆகவே சேருவதற்கு முன்னால் கிடைக்கும் விடுமுறையில் ஒரு புதிய நிரல்மொழியைக் கற்பதைவிட, அணிகளையும் நுண்கணிதத்தையும் ஒருமுறை திருப்பிப் பார்ப்பதே மேல்.

தமிழ் மீடியத்தில் படித்தவன். சமாளிக்க முடியுமா?

முடியும், ஆனால் முதல் பருவம் கடினமாகத்தான் இருக்கும் என்பதை மறைக்க விரும்பவில்லை. அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் தமிழ்வழிப் பொறியியலைத் தொடங்கியது கட்டடவியலுக்கும் இயந்திரவியலுக்கும் மட்டுமே. கணினி அறிவியலில் வகுப்பும் தேர்வும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். முதலாண்டின் இரண்டு பருவங்களிலும் ஆங்கிலப் பாடம் உண்டு. அவற்றோடு ஒரு பருவத்துக்கு ஒன்றாக ‘தமிழர் மரபு’, ‘தமிழரும் தொழில்நுட்பமும்’ என்ற ஒரு கிரெடிட் பாடங்கள் இரண்டு இருக்கின்றன. அவற்றைத் தமிழிலேயே எழுதலாம்.

தமிழ்வழி மாணவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் பாடத்தில் அல்ல, கேள்வியைப் படித்துப் புரிந்துகொள்வதில்தான். வரையறு, வேறுபடுத்து, நிறுவு, எடுத்துக்காட்டுடன் விளக்கு என்று கேட்கும் ஆங்கில வினைச்சொற்கள் சில டஜன்தான் இருக்கும். பழைய வினாத்தாள்களை வைத்துக்கொண்டு அவற்றை முதலில் பழகிவிட்டால் பாதிச் சுமை இறங்கிவிடும். வகுப்பில் ஐயத்தைத் தமிழில் கேட்கத் தயங்கவே வேண்டாம்.

கிரெடிட், கிரெடிட் என்கிறார்கள். அது என்ன? மொத்தம் எத்தனை வேண்டும்?

ஒரு பாடத்துக்கு வாரத்தில் எத்தனை பாடவேளை ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதன் கணக்கே கிரெடிட். விரிவுரை ஒரு பாடவேளைக்கு 1 கிரெடிட், டுடோரியலுக்கும் 1 கிரெடிட், செய்முறைக்கு அரை கிரெடிட். முதல் பருவக் கணிதத்துக்கு வாரம் மூன்று விரிவுரையும் ஒரு டுடோரியலும் இருப்பதால் 4 கிரெடிட். பைத்தான் லேபுக்கும் வாரம் நான்கு பாடவேளைதான், ஆனால் அது செய்முறை என்பதால் 2 கிரெடிட்.

எட்டுப் பருவங்களையும் சேர்த்தால் சி.எஸ்.இ. பட்டத்துக்கு 160-ஐச் சற்றே தாண்டிய கிரெடிட்டுகள் தேவை. பாடத்திட்டத்தின் கடைசியில் எந்த வகைப் பாடத்துக்கு எத்தனை கிரெடிட் என்று ஓர் அட்டவணை இருக்கும். அடிப்படை அறிவியல், பொறியியல் அறிவியல், துறையின் மையப் பாடங்கள், துறை எலெக்டிவ் (சொந்தத் துறையின் விருப்பப் பாடம்), ஓபன் எலெக்டிவ் (பிற துறையின் விருப்பப் பாடம்), மானுடவியல், ப்ராஜெக்ட் போன்ற வேலைத்திறன் பாடங்கள் என்று பிரித்திருப்பார்கள். மொத்த எண்ணிக்கை மட்டும் நிறைந்தால் போதாது. ஒவ்வொரு வகையும் தனித்தனியே நிரம்ப வேண்டும்.

நான் கம்ப்யூட்டர் படிக்க வந்தேன். ஏன் கெமிஸ்ட்ரியும் டிராயிங்கும் குழாய் வேலையும்?

முதலாண்டு எல்லாப் பொறியியல் துறைகளுக்கும் பெரும்பாலும் பொதுவானது. இயற்பியல், வேதியியல், கணிதம், ஆங்கிலம், அடிப்படை மின்னியல், பொறியியல் வரைபடம் ஆகியவற்றோடு, இரண்டாம் பருவத்தில் ஒரு பட்டறைச் செய்முறையும் உண்டு. அதில் குழாய் இணைப்பது, மரத்தை இழைப்பது, வீட்டு மின்சுற்றுக்குக் கம்பி இழுப்பது, வெல்டிங், சால்டரிங் எல்லாம் வரும். நீங்கள் பெறப்போவது பொறியியல் பட்டம் என்பதால் இவை இருக்கின்றன.

இவற்றில் கணிதத்தை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். முதல் பருவத்தின் அணிகளும், இரண்டாம் பருவத்தின் புள்ளியியலும் நான்காம் பருவத்தில் செயற்கை நுண்ணறிவும் இயந்திரக் கற்றலும் என்ற பாடத்தில் மீண்டும் எதிரில் வந்து நிற்கும். ‘எப்படியாவது பாஸ் ஆனால் போதும்’ என்று அவற்றைத் தாண்டியவர்கள் அங்கே திகைப்பதைத் தொடர்ந்து பார்க்கிறோம்.

உண்மையான கம்ப்யூட்டர் பாடம் எப்போது ஆரம்பிக்கும்?

பைத்தானும் சி மொழியும் முதலாண்டிலேயே வந்துவிடுகின்றன. துறையின் உடல் என்று சொல்லத்தக்கது மூன்றாம் பருவத்திலிருந்து ஐந்தாம் பருவம் வரை. மூன்றாவதில் தனிநிலைக் கணிதம், தரவுக் கட்டமைப்புகள், பொருள்நோக்கு நிரலாக்கம், இலக்கமுறைச் சுற்றுகளும் கணினி அமைப்பும், தரவு அறிவியலின் அடிப்படை. நான்காவதில் கணிமைக் கோட்பாடு, அல்காரிதம், டேட்டாபேஸ், ஆப்பரேட்டிங் சிஸ்டம், செயற்கை நுண்ணறிவு. ஐந்தாவதில் கணினி வலைப்பின்னல், கம்பைலர் வடிவமைப்பு, மறையாக்கமும் இணையப் பாதுகாப்பும், பரவல் கணிமை. ஆறாவதில் மென்பொருள் பொறியியலும், உட்பொதி அமைப்புகளும் வரும்.

இந்த மூன்று பருவங்களுக்கு மேல் முக்கியமானது இந்தப் படிப்பில் வேறில்லை என்பது என் உறுதியான கருத்து. காரணம், பாடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. தரவுக் கட்டமைப்பில் மரம் என்ற அமைப்பைச் சரியாகப் புரிந்துகொள்ளாதவருக்கு, டேட்டாபேஸில் ஒரு இண்டெக்ஸ் ஏன் வேகமாகத் தேடுகிறது என்பதும், கம்பைலரில் ஒரு வாக்கியம் எப்படிப் பகுக்கப்படுகிறது என்பதும் மனப்பாடமாகவே நின்றுவிடும். வளாக நேர்முகத் தேர்வில் கேட்கப்படுவதும் பெரும்பாலும் இந்தப் பாடங்களிலிருந்துதான். மூன்றாம் பருவத்து லேபில் லிங்க்டு லிஸ்டை ரெக்கார்டு நோட்டுக்காக நகலெடுத்தவருக்கும், அதில் ஒரு கணுவை நீக்கும்போது எந்தச் சுட்டியை (பாயின்டரை) முதலில் மாற்ற வேண்டும் என்று தாளில் படம் போட்டுப் பார்த்தவருக்கும் உள்ள வேறுபாடு ஏழாம் பருவத்தில் வெளிப்படையாகத் தெரியும்.

சி.எஸ்.இ., ஐ.டி., ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸ், எது நல்லது? பி.சி.ஏ. போதாதா?

மூன்று பொறியியல் படிப்புகளுக்கும் முதலாண்டு ஏறக்குறைய ஒன்றே. தரவுக் கட்டமைப்பு, டேட்டாபேஸ், ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஆகியவையும் மூன்றிலும் உண்டு. ஐ.டி.யும் ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸும் பி.டெக்., சி.எஸ்.இ. பி.இ.; இந்தப் பெயர் வேறுபாட்டுக்கு நடைமுறையில் மதிப்பு எதுவும் இல்லை. கம்பைலர் வடிவமைப்பு சி.எஸ்.இ.யில் கட்டாயப் பாடம், ஆழ்கற்றல் ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸில் கட்டாயப் பாடம். எந்தப் பக்கம் போவது என்று முடிவு செய்யாதவர்களுக்கு நான் சி.எஸ்.இ.யையே சொல்வேன், ஏனெனில் அதில் ஐந்தாம் பருவம் வரை வழி திறந்தே இருக்கிறது. அதைவிட முக்கியம், நல்ல ஆசிரியர்கள் இருக்கும் கல்லூரியில் கிடைக்கும் ஐ.டி., அவர்கள் இல்லாத கல்லூரியில் கிடைக்கும் சி.எஸ்.இ.யைவிட மேலானது.

பி.சி.ஏ.வும் பி.எஸ்சி. கணினி அறிவியலும் கலை அறிவியல் கல்லூரிகளில் நடக்கும் மூன்றாண்டுப் படிப்புகள். அதன்மேல் இரண்டாண்டு எம்.சி.ஏ. படித்தால் ஐந்தாண்டில் முதுகலைப் பட்டமே கிடைக்கிறது. செலவைக் கணக்குப் பார்க்கும் குடும்பத்துக்கு அது தாழ்ந்த வழி அல்ல.

இன்டர்னல் நிறைய இருக்கிறது. எப்படியும் பாஸ்தானே?

இல்லை. இந்த ஒரு தவறான எண்ணத்தால் அரியர் (தேர்ச்சி பெறாமல் தங்கிவிடும் பாடம்) வைத்தவர்கள் ஏராளம். தியரி பாடத்தில் இன்டர்னலுக்கு, அதாவது பருவத்தின் நடுவே கல்லூரியே போடும் மதிப்பெண்ணுக்கு 40, பருவத் தேர்வுக்கு 60; லேபில் அது 60-க்கு 40; தியரியும் லேபும் சேர்ந்த பாடத்தில் பாதிக்குப் பாதி. தேர்ச்சிக்கு நிபந்தனைகள் இரண்டு: இரண்டும் சேர்ந்து 50 சதவீதம் வர வேண்டும், பருவத் தேர்வில் மட்டும் தனியாக 45 சதவீதமாவது இருக்க வேண்டும்.

ஒருவருக்கு இன்டர்னலில் 40-க்கு 36 என்று வைத்துக்கொள்வோம். பருவத் தேர்வில் 100-க்கு 40 எடுத்தால் அது 24 ஆகச் சுருங்கி, கூட்டுத்தொகை 60 ஆகிறது. ஆனாலும் அவர் தேர்ச்சி பெறவில்லை, ஏனெனில் தேர்வில் 45 இல்லை. மறுபக்கம், இன்டர்னலில் 15 மட்டுமே வைத்திருப்பவருக்கு 45 எடுத்தாலும் போதாது. மீதி 35 வர வேண்டுமானால் தேர்வில் 100-க்கு 59 எடுக்க வேண்டும். இன்டர்னல் உங்கள் சுமையைக் குறைக்கும், தேர்வுக்கு மாற்று ஆகாது.

அட்டெண்டன்ஸ் எவ்வளவு குறையலாம்?

பருவம் முழுவதுக்கும் எல்லாப் பாடங்களையும் சேர்த்து 75 சதவீதம் வேண்டும். ஒரு பருவம் என்பது சாதாரணமாக 75 வேலைநாள்கள், அதாவது 50 நிமிடம் கொண்ட 540 பாடவேளைகள். 75 சதவீதத்துக்கு 405 வேண்டும். ஆகவே 135 பாடவேளைகள் வரை, நாள் கணக்கில் ஏறத்தாழ பதினெட்டு நாள்கள், தவறலாம். கேட்கும்போது அதிகமாகத் தோன்றும் இந்த எண்ணிக்கை, ஒரு காய்ச்சலும் இரண்டு திருமணங்களும் ஊர்த் திருவிழாவும் சேர்ந்தால் எளிதில் கரைந்துவிடும்.

65-க்கும் 75-க்கும் இடையில் இருப்பவர்கள் மருத்துவக் காரணம், விளையாட்டுப் போட்டி போன்றவற்றுக்குச் சான்று காட்டினால் தேர்வெழுத அனுமதிக்கப்படலாம். சான்றிதழை அந்தந்த நேரத்தில் கொடுத்துவிட வேண்டும். பருவ முடிவில் பழைய தேதியிட்டுக் கொண்டுவருவது பயன்படாது. 65-க்குக் கீழே போனால் அந்தப் பருவத்தையே அடுத்த ஆண்டு மறுபடி படிக்க வேண்டும். இது அரியரைவிடப் பெரிய இழப்பு, ஏனெனில் அரியரோடு அடுத்த பருவத்துக்குப் போகலாம், இதில் போக முடியாது.

சி.ஜி.பி.ஏ. எப்படிப் போடுகிறார்கள்? லேபில் ஓ வாங்கினால் ஏறிவிடுமா?

சி.ஜி.பி.ஏ. என்பது எல்லாப் பாடங்களின் தரப்புள்ளிகளுக்கும் போடும் சராசரி. ஓ என்றால் 10, ஏ பிளஸ் 9, ஏ 8, பி பிளஸ் 7, பி 6, சி 5. யு என்றால் மறுபடி எழுத வேண்டும். ஒவ்வொரு பாடத்தின் தரப்புள்ளியையும் அதன் கிரெடிட்டால் பெருக்கிக் கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுக்க வேண்டும். 4 கிரெடிட் கணிதத்தில் 8, 3 கிரெடிட் பைத்தானில் 9, 2 கிரெடிட் லேபில் 10 என்றால், 32, 27, 20 சேர்ந்து 79; அதை 9-ஆல் வகுத்தால் 8.78.

லேபில் ஓ வாங்குவது நல்லதுதான், ஆனால் மேலே கிரெடிட் பற்றிய விடையில் சொன்னபடி அதற்கு எடை குறைவு. மூன்றாம் பருவத்தின் தரவுக் கட்டமைப்பு லேபுக்கு 1.5 கிரெடிட்தான். கணிதத்தில் ஒரு படி ஏறுவது அத்தகைய லேபில் இரண்டு படிகள் ஏறுவதைவிட அதிகம் தரும்.

கிரெடிட்டே இல்லாத பாடத்தை ஏன் எழுத வேண்டும்?

ஐந்தாம், ஆறாம் பருவங்களில் கட்டாயப் பாடம் என்று ஒவ்வொன்று வரும். பேரிடர் மேலாண்மை, திரைப்பட ரசனை, பாலினக் கல்வி, இந்திய அறிவியல் தொழில்நுட்ப வரலாறு போன்றவற்றிலிருந்து தேர்ந்தெடுக்கலாம். சி.ஜி.பி.ஏ.யில் இவை சேரா. ஆனால் முடிக்காமல் பட்டம் கிடையாது. என்.சி.சி. பாடங்கள் வேறு வகை: அவற்றுக்குக் கிரெடிட் உண்டு, ஆனால் அது சி.ஜி.பி.ஏ. கணக்கில் வராது.

வெர்டிகல் என்கிறார்களே, ஒன்றைத்தான் எடுக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. துறை எலெக்டிவ்கள் மொத்தம் ஆறு. ஐந்தாம் பருவத்தில் இரண்டு, ஆறாவதில் நான்கு. அவை தரவு அறிவியல், ஃபுல் ஸ்டாக், கிளவுட், சைபர் பாதுகாப்பு, படைப்பூடகம், வளர்ந்துவரும் தொழில்நுட்பம், செயற்கை நுண்ணறிவு என்று வெர்டிகல்களாக நெடுவரிசைகளில் அடுக்கப்பட்டிருக்கும். ஒரே வெர்டிகலிலிருந்து ஆறையும் எடுக்கலாம், கலந்தும் எடுக்கலாம். ஆனால் எல்லாப் பாடங்களையும் எல்லாக் கல்லூரிகளும் நடத்துவதில்லை. ஆகவே நான்காம் பருவ இறுதியிலேயே, எந்தெந்தப் பாடங்களுக்கு ஆசிரியர் இருக்கிறார் என்று துறையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரே வரிசையில் இரண்டு பாடம் எடுக்கக் கூடாதாமே?

ஒரே பருவத்தில் எடுக்கக் கூடாது என்பதே விதி. வெர்டிகல்கள் நெடுவரிசையாக உள்ள அட்டவணையைக் குறுக்காகப் பார்த்தால், ஒரு கிடைவரிசையிலிருந்து ஒரு பருவத்துக்கு ஒரு பாடம்தான். அதே வரிசையில் இன்னொன்று வேண்டுமானால், ஒன்றை ஐந்தாவதிலும் மற்றதை ஆறாவதிலும் பதிவு செய்யலாம். வெர்டிகல்களைக் கலந்து எடுப்பவர்கள்தான் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். ஐந்தாம் பருவத்தில் பதியும்போதே ஆறாம் பருவத்துக்கான நான்கையும் பென்சிலால் குறித்துப் பார்த்துவிட்டால் இந்தச் சிக்கல் வராது.

ஹானர்ஸ், மைனர் எடுத்தால் வேலை கிடைக்குமா?

முதலில் அவை என்ன என்று பார்ப்போம். பட்டத்துக்கு வேண்டிய கிரெடிட்டுகளுக்கு மேல் 18 கிரெடிட், அதாவது மூன்று கிரெடிட் பாடங்கள் ஆறு, கூடுதலாக முடிக்க வேண்டும். அவை சொந்தத் துறையின் வெர்டிகல்களிலிருந்து வந்தால் ஹானர்ஸ். வேறு துறையிலிருந்தோ, நிதித்தொழில்நுட்பம், தொழில்முனைவு, பொது நிர்வாகம் போன்ற தனி வெர்டிகல்களிலிருந்தோ வந்தால் மைனர். பதிவு ஐந்தாம் பருவத்திலிருந்து. அதற்கு மூன்றாம் பருவம் வரை எல்லாப் பாடங்களையும் முதல் முயற்சியிலேயே முடித்து, 7.50 சி.ஜி.பி.ஏ. வைத்திருக்க வேண்டும்.

ஆகவே முதல் பருவத்தில் வைக்கும் ஓர் அரியர், அடுத்த தேர்விலேயே முடித்துவிட்டாலும், இந்தக் கதவை மூடிவிடுகிறது. சேர்ந்தவுடன் யாரும் இதைச் சொல்வதில்லை என்பது வருத்தத்துக்குரியது. வேலையைப் பொறுத்தவரை, ஹானர்ஸ் என்ற பெயருக்காக மட்டும் ஆறு பாடங்களைச் சுமக்க வேண்டாம் என்பதே என் அறிவுரை. அந்தத் துறையில் மேற்படிப்புக்குப் போகும் எண்ணம் இருந்தால் எடுங்கள். இல்லையெனில் அந்த நேரத்தை ஒரு நல்ல ப்ராஜெக்டில் செலவிடுவது கூடுதல் பயன் தரும்.

ஓபன் எலெக்டிவில் ஈஸியானதை எடுத்தால் தப்பா?

தப்பில்லை, ஆனால் நான்கு வாய்ப்புகள் வீணாகும். ஆறாம் பருவத்தில் ஒன்று, ஏழாவதில் மூன்று, எல்லாம் பிற துறைகள் நடத்துபவை. மருத்துவக் கருவி, வேளாண்மை, வாகனம், மின்சாரம் என்று ஏதோ ஒரு களத்துக்குத்தான் பிற்காலத்தில் மென்பொருள் எழுதப்போகிறீர்கள். அந்தக் களத்தின் மொழியை அங்கே உள்ளவர்களிடமே கேட்டுப் படிக்கக் கிடைப்பது இந்த ஒரு இடத்தில்தான்.

டிப்ளமோ முடித்து நேரடி இரண்டாம் ஆண்டில் சேர்ந்தேன். எனக்கு என்ன மாறும்?

மூன்றாம் பருவத்தில் நுழைகிறீர்கள், ஆறு பருவங்களில் முடிக்கிறீர்கள். முதலாண்டுக் கணிதத்தைப் படிக்காமல் நேரே தனிநிலைக் கணிதத்துக்கு வருவதும், சி மொழி தெரியும் என்ற அனுமானத்தோடு தரவுக் கட்டமைப்பு தொடங்குவதும்தான் சிரமம். சேர்க்கைக்கும் வகுப்புக்கும் இடையில் கிடைக்கும் வாரங்களில் சுட்டிகள் வரை சி மொழியைப் படித்துவிட்டு வாருங்கள்.

ஏழாவது செமஸ்டரில் கம்பெனி ஆறு மாதம் இன்டர்ன்ஷிப்புக்கு வரச் சொல்கிறது. வகுப்பு என்ன ஆகும்?

இதற்கு வழி இருக்கிறது. சாதாரணமாக ஏழாவதில் மதிப்புக் கல்வி, மேலாண்மை எலெக்டிவ், மூன்று ஓபன் எலெக்டிவ் ஆகியவையும், எட்டாவதில் 10 கிரெடிட் கொண்ட ப்ராஜெக்ட் அல்லது இன்டர்ன்ஷிப்பும் இருக்கும். ஏழாவதிலேயே இன்டர்ன்ஷிப் செய்பவருக்கு, அந்தப் பருவத்தின் பாடங்களை எட்டாவதில் நடத்தப் பாடத்திட்டமே இடம் தருகிறது. ஆனால் இது கல்லூரி ஏற்பாடு செய்ய வேண்டியது என்பதால், பணி ஆணை கைக்கு வந்த அன்றே துறைத் தலைவரிடம் எழுத்தில் கேட்டு அனுமதி வாங்குங்கள். வாய்மொழியை நம்பிக் கிளம்பினால், 75 சதவீத வருகை பற்றி மேலே சொன்னது அப்படியே உங்கள்மேல் பாயும்.

ஆறாம் பருவம் முடிந்த கோடை விடுமுறையில் செய்யும் குறுகிய பயிற்சி வேறு. இரண்டு வாரத்துக்கு 1 கிரெடிட் என்ற கணக்கில் அது ஏழாம் பருவத்தில் மதிப்பிடப்படும். இந்தக் குறுகிய பயிற்சியை அந்த 10 கிரெடிட் இன்டர்ன்ஷிப்புக்கு ஈடாகக் காட்ட முடியாது.

நான்கு வருடம் முடிந்தும் மூன்று அரியர் இருக்கிறது. பட்டம் போய்விட்டதா?

போகவில்லை. பிளஸ் டூ முடித்துச் சேர்ந்தவர்களுக்கு மொத்தம் 14 பருவங்கள், அதாவது ஏழு ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு. இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவர்களுக்கு 12 பருவங்கள். ஆனால் டிஸ்டிங்ஷன் கிடைக்காது, ஏனெனில் அதற்கு 8.50 சி.ஜி.பி.ஏ.யோடு எல்லாவற்றையும் முதல் முயற்சியில் முடித்திருக்க வேண்டும்.

மூன்றையும் ஒரே பருவத்தில் எழுதுவதற்கு முன், மேலே இன்டர்னல் பற்றிய விடையில் போட்ட கணக்கை ஒவ்வொன்றுக்கும் போட்டுப் பாருங்கள். எதற்கு 45 போதும், எதற்கு 59 வேண்டும் என்று தெரிந்தால், எதற்கு அதிக நாள் ஒதுக்குவது என்பது தெளிவாகிவிடும். வேலைக்குப் போய்க்கொண்டே எழுதுபவர்கள் தேர்வுக் கட்டணத்துக்கான கடைசித் தேதியைக் கல்லூரி அலுவலகத்தில் தாங்களே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். வகுப்பில் இருந்தபோது வந்ததுபோல அறிவிப்பு இப்போது உங்களைத் தேடி வராது.